எலினாரம்மாவுக்குக் கோடி வரவில்லை

அது இருக்கட்டும் மரகதம், மேல்வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனது எத்தனையாவது தடவை என்று நாளைக்கு எண்ணிக்கொள்ளலாம். அவளுக்காவது கோபித்துக்கொண்டு போக ஒரு பிறந்த வீடு இருக்கிறது. எலினாரம்மாவுக்கு அதுவும் இல்லை. யார் அது என்று விழிக்கிறாயே, அதற்குத்தான் உட்காரச் சொன்னேன். அந்த முறத்தை நகர்த்திவிட்டு உட்கார். ஊட்டிக்குப் போய் ஆறு நாள் இருந்துவிட்டு வந்திருக்கிறேன். தெருவில் ஒருத்தி விடாமல் குளிர் எப்படி என்று மட்டும்தான் கேட்கிறீர்கள்.

எலினாரம்மா வெள்ளைக்காரி. செத்து நூறு வருசம் இருக்கும். பாட்டுக் கட்டினவள், மூன்று கதைப் புத்தகம் எழுதினவள். என் பேத்தி எஸ்தருக்கு இந்த வருசம் பரீட்சைப் பாடமாக வந்தது இவளுடைய வாழ்க்கைதான். பரீட்சை என்றால் பேப்பரில் எழுதுவது இல்லை. பெஞ்சில் எஸ்டேட் பிள்ளைகளை உட்கார வைத்துவிடுவார்கள். அவர்களுக்கு முன்னால் நின்று, புத்தகத்தில் இங்கிலீஷில் இருப்பதைத் தமிழில் பாடமாகச் சொல்லிக்காட்ட வேண்டும். இன்ஸ்பெக்டர் துரைசாணி பின்னால் உட்கார்ந்து குறித்துக்கொள்வார். போன வருசம் எஸ்தர் எல்லாவற்றையும் நெட்டுருப் போட்டுக்கொண்டு போனாள். நடுவில் ஒரு வார்த்தை நழுவியது, அதன் பின்னாலேயே பாடம் பூராவும் நழுவிவிட்டது. அப்படியே நின்றுவிட்டு வந்தாள்.

இந்தத் தடவையும் தவறினால் டீச்சர் வேலை கிடையாது. அவளுடைய அப்பன், என் மருமகன், ஒரு இடம் பேசி வைத்திருந்தார். இரண்டாந்தாரம். மாப்பிள்ளைக்கு எஸ்தர் உயரத்துக்கு ஒரு மகன். என் மகள் உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பேச்சு வாசற்படி தாண்டியிருக்காது. மருமகனுக்கு வேலையை விட்டு வர முடியவில்லை, வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்பவும் முடியாது. அதனால் எனக்கு யோகம் அடித்தது.

மலை ரயிலுக்கு எஞ்சின் பின்னால் இருக்கிறது, தெரியுமா உனக்கு? இழுக்காது. முட்டித் தள்ளுகிறது. சேற்றில் மாட்டிய வண்டியை நாலு பேர் தள்ளுவார்களே, அப்படி மூச்சு வாங்கிக்கொண்டு. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. நான் மலைப் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டேன். குன்னூருக்குக் கொஞ்சம் கீழே, ஒரு வளைவில் ரயில் நின்றது. "மண்ணு சரிஞ்சு தண்டவாளத்துல கெடக்குதுங்க, அள்ளி முடிக்கோணும், எறங்கி நில்லுங்க" என்று ரயில்காரர் ஒவ்வொரு பெட்டியாகச் சொல்லிக்கொண்டு போனார். மண்வெட்டியோடு ஆட்கள் வந்தார்கள். இறங்கின ஜனம் நேராகச் சோற்று மூட்டையைத்தான் அவிழ்த்தது. நாங்களும் புளிச்சோறு அவிழ்த்தோம்.

பக்கத்தில் கேத்திக்குப் போகிற ஒரு படுகக் கிழவி, வெள்ளைத் துணியைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர்கள் பேச்சு பாதி கன்னடம் மாதிரி, பாதி நம் பேச்சு மாதிரி. மெதுவாகப் பேசினால் பிடிபடுகிறது. எஸ்தர் தண்டவாள ஓரத்தில் நடந்து நடந்து பாடத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிழவி என்னை இடித்து, இந்தப் பெண் யார் செத்ததை இவ்வளவு துக்கமாகச் சொல்கிறாள், உங்கள் சொந்தமா என்று அவள் பாஷையில் கேட்டாள். தூரத்துச் சொந்தம் என்றேன். எவ்வளவு தூரம் என்றாள். கடல் தாண்டி என்றேன். அப்படியானால் எனக்கும் கொஞ்சம் சொந்தம்தான் என்று, மடியிலிருந்து வேகவைத்த உருளைக்கிழங்கு நாலு எடுத்துக் கொடுத்தாள். உப்புத் தொட்டுத் தின்றோம். மண்ணை அள்ளி முடிக்க ரொம்ப நேரம் ஆனது. அதற்குள் எலினாரம்மா கதை பூராவும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

அவள் பிறந்தது மழை விடாத ஒரு மலையூர். மனுசரைவிட ஆடு அதிகமாம். அப்பா பாதிரியார், பெண்ணுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். அவள் மூடுபனியைப் பற்றியும், ஓடைத் தண்ணியைப் பற்றியும், ஆடு மேய்க்கிறவன் தனியாக நிற்பதைப் பற்றியும் பாட்டுக் கட்டினாள். அதற்கு முந்தி அந்த ஊரில் பாட்டென்றால் ராஜாவும் சண்டையும்தானாம். இவள் காலத்து ஆட்கள்தான் புல்லையும் ஏழைபாழைகளையும் பாட்டில் கொண்டுவந்தார்களாம்.

"ஏங்கண்ணு, நம்ம ஊர்ல நாத்து நடறவ காலங்காலமா அதைத்தானே பாடறா" என்றேன்.

"பாடறாங்க அம்மிச்சி, ஆரும் எழுதி வெக்கலீங்களே. இவங்க எழுதி வெச்சுட்டாங்க" என்றாள் எஸ்தர்.



படம் வரைகிற ஒருவனைப் பிறந்த வீட்டுக்குப் பிடிக்காமல் கட்டிக்கொண்டாள். அவன் காய்ச்சலில் போய்விட்டான். அதற்கப்புறம் கதைப் புத்தகம் எழுத ஆரம்பித்தாள். முதல் கதை, ஒரு பெரிய வீட்டில் சாவிக்கொத்து வைத்திருக்கிற வேலைக்காரியைப் பற்றி. வேலைக்காரியை வைத்து யாராவது கதை எழுதுவார்களா என்று அந்த ஊரே கேட்டதாம். இரண்டாவது, கப்பலுக்குப் போன புருசனுக்காகப் பதினோரு வருசம் காத்திருந்து, அவன் வந்த பிற்பாடு அவனைப் பிடிக்காமல் போகிற ஒருத்தி. அதைக் கேட்டுப் படுகக் கிழவி அப்படிச் சிரித்தாள். மூன்றாவதுதான் வினை. சொந்த அண்ணனையே கெட்டவனாக வைத்து எழுதிவிட்டாள். பேரை மாற்றினாள், ஆனால் அவன் மூக்கைச் சொறிகிறதைக்கூட விடாமல் எழுதிவிட்டாள். ஊருக்கே ஆள் தெரிந்துவிட்டது. பிறந்த வீட்டுக் கதவு அடைத்தது. பட்டணத்தில் ஒரு வாடகை மச்சில், நாற்பது வயசில், குளிர்காலத்தில் செத்துப்போனாள். வீட்டுக்காரி கதவைத் திறந்தபோது மைக்கூட்டில் மை உறைந்து கிடந்ததாம்.

மை எப்படி உறையும், காய்ந்துதான் போகும் என்று எஸ்தரோடு ஊட்டி வரைக்கும் சண்டை போட்டேன். மறுநாள் காலையில் வாசலில் வைத்த செம்பைப் பார்த்தால், தண்ணிக்கு மேலே கண்ணாடித் துண்டு மாதிரி பனிக்கட்டி. விரலால் தட்டினேன், டக்கென்றது. புல்லெல்லாம் உப்புப் போட்டது போல வெள்ளை. எஸ்தர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாளே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் அம்மாவும் அப்படித்தான், ஜெயித்தால் பேச மாட்டாள்.

பரீட்சை நடக்கிற பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சமையற்கட்டை ஒட்டி, ஆயா தாயம்மா இருக்கிற அறையில் எங்களுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். தாயம்மா நல்லவள், மூக்குப்பொடி மட்டும் கொஞ்சம் அதிகம். அந்த ஊரில் ராத்திரி தயிருக்குப் பிரை ஊற்றினால் காலையில் பால் பாலாகவே இருக்கிறது, மரகதம். பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்புப் பக்கத்தில் குழந்தையைப் போலப் படுக்க வைக்கிறாள். வெயிலில் நிற்கிறோம், வேர்க்க மாட்டேன் என்கிறது. நம் சிறுமுகை வெயிலில் ஒரு படி அளந்து அங்கே அனுப்ப முடிந்தால் இரண்டு ஊரும் பிழைக்கும்.

கடைவீதியில் ஒரு பாய் கடையில் தேத்தண்ணி குடித்தேன். அதுவரைக்கும் நான் குடித்ததில்லை.

"ஏனுங்க பாய், இது கசாயமுங்களா?"

"குளிருக்குக் கசாயம்னு நெனச்சே குடிங்கம்மா. நாளைக்கு நீங்களே தேடி வருவீங்க."

"சுத்தியும் தேயிலையா வெளையுது, தூளை இத்தனை கம்மியா போடறீங்களே?"

"நல்ல தூளு கப்பலேறிப் போயிருதும்மா. நமக்குச் சல்லடைக்கு அடியில விழுந்ததுதான்."

அப்படியானால் நல்லது எலினாரம்மா ஊருக்குத்தான் போகிறது. பாவம், அவள் இருந்த காலத்தில் இந்த மலையில் ஒரு தேயிலைச் செடி கிடையாதாம். பாய் சொன்னபடியே மறுநாளும் தேடித்தான் போனேன்.

அன்றைக்கு மத்தியானம் தாயம்மாவோடு உட்கார்ந்து பள்ளிக்கூடத்துக்கு உருளைக்கிழங்கு தோல் சீவினேன். கை வேலை செய்தால் வாய் சும்மா இருக்குமா. எலினாரம்மா கதையைச் சொன்னேன். தாயம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அக்கா, கோடி ஆரு போட்டது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கு அது தோன்றவே இல்லை பார். கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ புதுச்சேலை கொண்டுவந்து மேலே போர்த்தினால்தானே எடுக்கவே விடுவோம். "உங்க வேதத்துலயும் கோடி உண்டா" என்று, என் மருமகன் வீட்டாரைப் போல வேதக்காரியான தாயம்மாவைக் கேட்டேன். "வேதத்துல இல்லீங்க, வீட்டுல உண்டு" என்றாள்.

எஸ்தரைக் கூப்பிட்டுப் புத்தகத்தில் பார்க்கச் சொன்னேன். அடக்கத்துக்கு உறவினர் எவரும் வரவில்லை என்று ஒரே ஒரு வரி இருந்தது. எவரும் வரவில்லை என்றால் கோடியும் வரவில்லைதானே. நூறு ஊர் அவளுடைய பாட்டைப் படிக்கிறது, ஒரு முழம் புதுத்துணி இல்லாமல் போய்ச் சேர்ந்திருக்கிறாள். தாயம்மா மூக்கைச் சிந்தினாள். நானும் அழுதேன்.

"அம்மிச்சி, புத்தகத்துல இல்லாததைச் சொல்லாதீங்க. நாளைக்கு எனக்கும் இதே வாயில வந்துரும்" என்று எஸ்தர் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மறுநாள் பரீட்சை. இரண்டு பெண்கள்தான். குன்னூர்ப் பெண் முதலில். பிசகில்லாமல் சொன்னாள், துரைசாணி "நன்றி, நீ போகலாம்" என்று தலையாட்டி அனுப்பினார். அடுத்தது எஸ்தர். நானும் தாயம்மாவும் தாழ்வாரத்துப் பெஞ்சில், ஜன்னலுக்கு வெளியே. பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் கதவோரம் நின்றார்.

நல்லபடியாகத்தான் ஆரம்பித்தாள். ஆடு, மழை, ஓடை. பிள்ளைகள் முதுகை வளைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. வேலைக்காரி கதையில் நிமிர்ந்தன. கடைசிக்கு வந்தாள். போன வருசம் நின்ற இடம் மாதிரியே ஒரு இடத்தில் நின்றாள். அப்புறம் தன் பாட்டில் அவள் வாய் பேசியது.

"அண்ணன் வரலை. பொறந்த ஊட்டுல இருந்து ஆரும் கோடி எடுத்துட்டு வரலை. புதுத்துணி இல்லாமயே அவங்களைக் கொண்டு போயிட்டாங்க."

முன் பெஞ்சில் ஒரு சின்னப் பெண், கூலிக்காரர் குடியிருக்கிற எஸ்டேட் லயத்திலிருந்து வந்தது, எழுந்தே நின்றுவிட்டது. "ஒரு அண்ணன்கூடவா வரலீங்க டீச்சர்? சித்தப்பன், மாமன் ஆருமே இல்லீங்களா?" என்றது. அது கேட்டதும் இன்னொன்று அழ ஆரம்பித்தது.

துரைசாணி பென்சிலைக் கீழே வைத்தார். புத்தகத்தில் இருப்பதை அப்படியே எடுத்துப் பேசுகிற தமிழ் அவருக்கு.

"கோடி என்றால் என்ன? அது பாடப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் உள்ளது?"

எஸ்தர் முகம் வெளுத்துவிட்டது. நழுவிப் பேச அவளுக்கு வராது. "புத்தகத்துல இல்லீங்கம்மா. எங்க அம்மிச்சி சொன்னதுங்க."

"உன் அம்மிச்சி அந்தக் கவிஞரை அறிவாரா?"

பெரிய டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எழுந்து உள்ளே போனேன். காலில் செருப்பு இருந்ததா இல்லையா, ஞாபகம் இல்லை.

"தப்பு எம்மேலங்க தாயி. புள்ளை படிச்சது சரியாத்தான் படிச்சா. நாந்தான் கோடியைக் கொண்டாந்து நடுவுல போட்டுட்டேன்" என்றேன். கோடி என்றால் என்ன என்று சொன்னேன். செத்தவள் பிறந்த வீட்டுப் பெண்ணாகவே போகிறாள் என்பதற்கு அதுதான் சாட்சி என்று சொன்னேன். துரைசாணி எழுதிக்கொள்ளவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார்.

"துக்க வீட்டுக்கு வருபவர்கள் வேறு என்ன செய்வார்கள்?"

"ஒக்காந்து அழுவோமுங்க. ஆரும் வாங்கன்னு கூப்பிட மாட்டாங்க. போகையில போயிட்டு வர்றேன்னு சொல்லக் கூடாதுங்க. மறுக்கா அப்படி ஒரு காரியத்துக்கு அந்த ஊட்டுக்கு வர்ற மாதிரி ஆயிருமில்லீங்களா. பேசாம எந்திரிச்சுப் போயிருவோம்."

துரைசாணி நோட்டை மூடினார். கையுறையை மாட்டினார். தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து, எஸ்தரிடமும் சொல்லவில்லை, பெரிய டீச்சரிடமும் சொல்லவில்லை, நேராக வெளியே நடந்தார். வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். ரிக்‌ஷாவில் ஏறிப் போய்விட்டார்.

"கோவிச்சுட்டுப் போயிட்டாங்க. இத்தனை வருசத்துல சொல்லாம போனதே இல்லை" என்றார் பெரிய டீச்சர். அந்த வார்த்தை எஸ்தர் மேல் இடி மாதிரி விழுந்தது.

அன்றைக்கு அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. என்னைத் திட்டியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். துணியை மடித்து மடித்துப் பெட்டியில் வைத்தாள். "அப்பா சொன்ன எடத்துக்கே போறேனுங்க அம்மிச்சி" என்றாள், அவ்வளவுதான். நான் வாயை மூடிக்கொண்டு கிழங்கு சீவியிருக்கக் கூடாதா? ஒரு வெள்ளைக்காரிக்கு அழப்போய் வீட்டுப் பெண்ணின் பிழைப்பைக் கெடுத்துவிட்டேனே என்று எனக்கு ஆறவில்லை.

விடிந்ததும் எஸ்தருக்குத் தெரியாமல் தாயம்மாவைக் கூட்டிக்கொண்டு துரைசாணி தங்கியிருந்த பங்களாவுக்குப் புறப்பட்டேன். பாதி ஏற்றத்தில் மூச்சு நின்றுவிட்டது. தாயம்மா ஒரு ரிக்‌ஷாவை நிறுத்தினாள். நான் ஏறி உட்கார்ந்தேன், கைப்பிடி மேலே எழும்பியது, ரிக்‌ஷா என்னோடு பின்பக்கம் சாய்ந்துவிட்டது. இழுக்கிற நாலு பேரும், "பாட்டி, முன்னுக்கு ஒக்காருங்க, நாங்க பறந்துருவோம்" என்று சிரிக்கிறார்கள். இறங்கி நடந்தே போனேன்.

துரைசாணி தோட்டத்தில் நின்றிருந்தார். நான் வாயெடுப்பதற்கு முன்னால் அவரே கேட்டார்.

"நேற்று நான் விடைபெறாமல் சென்றேன். நீங்கள் கூறியபடி செய்தேன். சரியாகச் செய்தேனா?"

எனக்கு விளங்க ஒரு நிமிசம் பிடித்தது, மரகதம். மனுசி கோபித்துக்கொண்டு போகவில்லை. எலினாரம்மா வீட்டுத் துக்கத்துக்கு வந்துவிட்டுப் போயிருக்கிறார்.

"எல்லாஞ் சரிங்க தாயி. வாசல்ல திரும்பிப் பாத்தீங்க பாருங்க, அது மட்டும் கூடாதுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். எஸ்தருக்குக் குன்னூருக்கு மேலே ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் வேலை என்று முந்தின நாள் சாயங்காலமே காகிதம் எழுதிவிட்டாராம், அன்றைக்குப் பெரிய டீச்சர் கைக்கு வந்துவிடுமாம். "குழந்தைகள் எழுந்து நின்று கேள்வி கேட்ட பாடத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் பேத்தியிடம் கூறுங்கள். எது புத்தகம் சொன்னது, எது அம்மிச்சி சொன்னது என்பதைக் குழந்தைகளுக்குப் பிரித்துச் சொல்ல வேண்டும்" என்றார். பிரித்துச் சொல்வாள், நான் பொறுப்பு என்றேன். எனக்கு என்ன பொறுப்பு, அங்கே யாருக்குத் தெரியும்.

இறக்கத்தில் எனக்கு மூச்சே வாங்கவில்லை. எஸ்தரிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான், "எந்த எஸ்டேட்டுங்க அம்மிச்சி?" கேட்டுவிட்டுச் சமையற்கட்டுப் படியில் உட்கார்ந்தவள், தாயம்மா வைத்த ராகிக் களியை வழித்து வழித்துத் தின்றாள். இரண்டாவது உருண்டைக்கும் தட்டை நீட்டினாள்.

மறுநாள் அந்த எஸ்டேட்டில் அவளைக் கொண்டுபோய் விட்டேன். தேயிலை நிறுக்கிற கொட்டகையில் ஒரு பாதியைத் தட்டி வைத்து மறைத்ததுதான் பள்ளிக்கூடம். முதுகில் கூடையோடு பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள், தட்டிக்கு இந்தப் பக்கம் அவர்கள் பிள்ளைகள். தங்குவதற்கு லயத்தில் ஓர் அறை. திங்கட்கிழமை முதல் பாடம்.

"அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க அம்மிச்சி. எனக்குப் பயமா இருக்குது" என்றாள் கிளம்பும்போது.

நேற்று வந்து இறங்கினதும் மருமகனிடம் சொன்னேன். அந்த இடத்துக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள், எஸ்தர் டீச்சர் ஆகிவிட்டாள் என்றேன். அவர் வாசலில் போய் நின்றார். கல்யாணப் பேச்சைத்தான் எடுக்கப் போகிறார், நாமும் இரண்டு கேட்டுவிடுவோம் என்று நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தேன். திரும்பி வந்து, "அத்தை, அவளுக்குக் கம்பளி இருக்குதுங்களா?" என்று கேட்டார். இன்றைக்கு விடியலில் மேட்டுப்பாளையம் சந்தைக்குப் போயிருக்கிறார், இன்னும் வரவில்லை. நல்ல கனமாக இருக்கிறதைப் பார்த்துத்தான்... ஐயோ, அங்கே பார் மரகதம், கன்று கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்ப் பசுவின் மடியில் முட்டுகிறது. ஒரு சொட்டு மிச்சம் வைக்காது. நகரு, நகரு, அந்தச் செம்பை இப்படி எடு.